கல்வராயன் மலையிலிருந்து விமானம் எவ்வளவு தூரம்?

திருச்சி விமான நிலையத்திலிருந்து சிங்கப்பூர் நேர்கோட்டில் ஏறக்குறைய 3,000 கிலோமீட்டர். விமானத்தில் நான்கு மணி நேரத்துக்குச் சற்றுக் கூடுதலாக ஆகும். 1973 வரை சென்னைக்கும் சிங்கப்பூருக்கும் இடையே ஓடிய ரஜூலா கப்பலில் போனவர்களுக்கு இதே கடலைக் கடக்க ஒரு வாரம் பிடித்தது. தூரம் மாறவில்லை, கிடைத்த வசதிதான் நேரத்தை மாற்றியது. கள்ளக்குறிச்சிக்கும் இது பொருந்தும். கள்ளக்குறிச்சி நகரம் சேலம், புதுச்சேரி விமான நிலையங்களுக்கு நேர்கோட்டில் 100 கிலோமீட்டரை ஒட்டியும், திருச்சிக்கு 110 கிலோமீட்டர் அளவிலும் இருக்கிறது. வரைபடத்தில் பார்த்தால் இது ஒதுங்கிய ஊரே இல்லை. ஆனால் கள்ளக்குறிச்சி மாவட்டத்தின் மேற்கு எல்லையில் உள்ள கல்வராயன் மலைக்காரருக்கு அந்த எண்களால் எந்தப் பயனும் இருந்ததில்லை. ஓடுதளமும் சாலையும் யாருடைய தேவைக்காகப் போடப்பட்டன என்பதுதான் இங்கே பயண நேரத்தை முடிவு செய்தது.

இதற்குச் சான்று தேடி வெகுதூரம் போக வேண்டாம். இன்றைய கள்ளக்குறிச்சி மாவட்டத்துக்குள் வரும் உளுந்தூர்பேட்டையில் இரண்டாம் உலகப் போர்க்காலத்து ஓடுதளம் ஒன்று கிடக்கிறது. 1942இல் மலாயாவும் பர்மாவும் ஜப்பானியர் கைக்குப் போனதும் தென்னிந்தியக் கரைக்குக் காவல் தேவைப்பட்டது. கயத்தாறு, சோழவரம் போன்ற இடங்களிலும் அந்தப் போர்க்காலத்தில் ஓடுதளங்கள் எழுந்தன. அரசு நினைத்தால் வயல்வெளியில் விமானமே இறங்கும் என்பதற்கு அது அடையாளம். உளுந்தூர்பேட்டையிலிருந்து மேற்கே ஐம்பது, அறுபது கிலோமீட்டரில், ஜாகிர்கள் என்னும் பரம்பரை நில உரிமைப் பகுதிகளாகப் பிரிந்து கிடந்த கல்வராயன் மலையில், அப்போது இருந்தவை ஒற்றையடிப் பாதைகள். விளைச்சல் தலைச்சுமையாகவே இறங்கியது. ஜாகிர்தார்களின் ஆட்சி சுதந்திரத்துக்குப் பிறகும் தொடர்ந்து, 1976இல்தான் முடிவுக்கு வந்தது. மலை செங்குத்தானது, சாலை போடுவது கடினம், இதில் அதிகாரத்தைக் குறை சொல்லலாமா என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆனால் பக்கத்திலிருக்கும் சேர்வராயன் மலையைப் பாருங்கள். கல்வராயன் 1,300 மீட்டர் உயரத்தை ஒட்டியே நிற்கிறது. சேர்வராயனில் உள்ள ஏற்காடு 1,500 மீட்டர். அங்கே 1820களில் சேலம் கலெக்டர் காக்பர்ன் காப்பியைக் கொண்டுவந்தார். ஐரோப்பியத் தோட்டக்காரர்கள் குடியேறினார்கள். பின்னாலேயே மலைச்சாலையும் ஏறியது. உயரம்தான் தடை என்றால் ஏற்காடல்லவா பின்தங்கியிருக்க வேண்டும்?

உளுந்தூர்பேட்டை ஓடுதளத்துக்கு உயிர் கொடுத்தால் இந்தக் குறை தீரும் என்பாரும் உண்டு. தொழிலுக்கு அது உதவலாம், அதை மறுக்கவில்லை. ஆனால் கள்ளக்குறிச்சியிலிருந்து சென்னைக்கு நேர்கோட்டில் ஏறக்குறைய 200 கிலோமீட்டர்தான். அந்தத் தூரத்தைப் பறந்து மிச்சப்படுத்தும் நேரமெல்லாம் மலையிறங்கி ஓடுதளத்தை அடைவதிலும், சோதனைகளுக்காகக் காத்திருப்பதிலும் போய்விடும். நோயாளியை டோலி கட்டித் தூக்கிவரும் குக்கிராமத்துக்கு அருகிலுள்ள விமான நிலையம் எது என்பது பொருந்தாத கேள்வி. 2024இல் கள்ளக்குறிச்சியின் கருணாபுரத்தில் நேர்ந்த விஷச்சாராயச் சாவுகளுக்குப் பிறகு சென்னை உயர் நீதிமன்றம் கல்வராயன் மலை மக்களின் நிலை குறித்துத் தானாக முன்வந்து வழக்கு எடுத்தபோதும், சாலை வசதி அதில் முக்கியமாகப் பேசப்பட்டது. ஒவ்வொரு மலைக் கிராமத்திலிருந்தும் பேருந்துச் சாலைக்கும் மருத்துவமனைக்கும் எத்தனை நிமிடம் ஆகிறது என்று மாவட்ட நிர்வாகம் கணக்கெடுத்து வெளியிட வேண்டும். அதிக நேரமாகும் ஊருக்கே முதல் சாலை போட வேண்டும்.