ஃப்ராய்டு பார்க்காமலே படித்த நோயாளி... யார் இந்த ஷ்ரேபர்?

காதுக்குள்ள யாரோ பேசுற மாதிரி கேட்கிறது, இல்லாததை இருப்பதாக உறுதியாக நம்புவது... இதைத்தான் மருத்துவம் சைக்கோசிஸ் என்கிறது. அப்படிப்பட்ட ஒருவர், தான் அனுபவித்ததைத் தானே புத்தகமாக எழுதினால்?

ஜெர்மனியைச் சேர்ந்த டேனியல் பால் ஷ்ரேபர் அதைத்தான் செய்தார். சாதாரண ஆள் இல்லை. 1893இல் டிரெஸ்டன் உயர்நீதிமன்றத்தில் அமர்வுத் தலைவராகப் பதவியேற்றவர். சில வாரங்களிலேயே தூக்கம் போனது, மனநலக் காப்பகத்தில் சேர்க்கப்பட்டார்.

கடவுளின் கதிர்கள் தன் நரம்புகளோடு பேசுகின்றன, உலகம் அழிந்துவிட்டது, சுற்றி நடமாடுபவர்கள் அவசரத்துக்குச் செய்துவைத்த போலி மனிதர்கள், தான் பெண்ணாக மாறிப் புதிய மனித இனத்தைப் பெற்றெடுக்கப் போகிறோம். இதெல்லாம் அவர் நம்பியவை. காப்பகத்தில் இருந்தபடியே அனைத்தையும் எழுதினார்.

கோர்ட்டில் நடந்த ட்விஸ்ட்

சொந்த விவகாரங்களைக் கவனிக்கத் தகுதியில்லாதவர் என்று காப்பாளரின் கட்டுப்பாட்டில் வைக்கப்பட்டிருந்தார் ஷ்ரேபர். அதை எதிர்த்துத் தானே வாதாடினார். நம்பிக்கைகளை மறைக்கவும் இல்லை, மாற்றிக்கொள்ளவும் இல்லை. 'மாயநம்பிக்கை இருக்கிறது, ஆனாலும் தன் காரியத்தைத் தானே பார்த்துக்கொள்வார்' என்ற ரீதியில் 1902இல் தீர்ப்பு வந்தது. அடுத்த ஆண்டு புத்தகம் வெளியானது.

ஃப்ராய்டு கண்டது என்ன?

ஷ்ரேபரை நேரில் பார்க்காமல், புத்தகத்தை மட்டும் வைத்து 1911இல் ஃப்ராய்டு நீண்ட கட்டுரை எழுதினார். உலகத்தோடு இருந்த உறவு அறுந்துபோவதுதான் நோய். மாயநம்பிக்கை என்பது, இடிந்த வீட்டை அந்த மனம் தனக்குத் தெரிந்த விதத்தில் திரும்பக் கட்டுகிற முயற்சி என்றார். பிதற்றல் என்று தள்ளிவிட்ட பேச்சைக் காதுகொடுத்துக் கேட்க வைத்தது இந்தக் கருத்துதான்.

எல்லாவற்றையும் ஏற்க வேண்டியதில்லை. அடக்கிவைத்த ஓரினச்சேர்க்கை ஆசைதான் காரணம் என்ற அவரது முடிவை இன்று பலரும் ஏற்பதில்லை. இன்னொன்றையும் ஃப்ராய்டு கோட்டைவிட்டார். ஷ்ரேபரின் அப்பா பிரபல மருத்துவர். குழந்தைகள் நிமிர்ந்து உட்கார வார், பட்டை வைத்த கருவிகளை உருவாக்கியவர். நெஞ்சு நசுக்கப்படுகிறது, தலை இறுக்கப்படுகிறது என்று மகன் எழுதியதை அந்தக் கருவிகளோடு பிற்காலத்தில் முடிச்சுப் போட்டவர் நீடர்லேண்ட் என்ற ஆய்வாளர். அதற்காக அப்பாவை மட்டும் வில்லனாக்குவதும் அவசரம்தான்.

1955இல் பிரான்ஸின் லக்கான் ஓராண்டு வகுப்பையே இந்தப் புத்தகத்தைச் சுற்றி நடத்தினார். அவர் கவனித்தது, ஷ்ரேபரின் மொழியை.

ஷ்ரேபர் 1907இல் மீண்டும் காப்பகத்துக்குப் போனார். 1911இல் அங்கேயே இறந்தார். தன் குடும்பத்தைப் பற்றி அவர் எழுதிய மூன்றாவது அத்தியாயம், அச்சிடத் தகுந்ததல்ல என்று அப்போதே நீக்கப்பட்டுவிட்டது.