அர்பத்நாட் வங்கி வீழ்ச்சியும் வணிகச் சட்டக் கல்வியும்

அர்பத்நாட் நிறுவனம் சென்னையில் வணிகத்துடன் வங்கித் தொழிலும் நடத்திய ஆங்கிலேயக் கூட்டு வணிக நிறுவனமாகும். பாரி, பின்னி ஆகியவற்றுக்கு இணையாக மதிக்கப்பட்ட இந்நிறுவனம் 1906 அக்டோபர் 22 அன்று பணம் கொடுப்பதை நிறுத்தியது. அரசு அலுவலர், ஓய்வூதியர் எனப் பலர் தம் வாழ்நாள் சேமிப்பை இழந்தனர். வணிகச் சட்டம் பயில்வோர் நிதியியலும் அறிய வேண்டியதன் தேவையை இந்நிகழ்வு விளக்குகிறது.

வீழ்ச்சியின் காரணம்

சென்னையில் திரட்டப்பட்ட வைப்புத்தொகையின் பெரும்பகுதி இலண்டன் கூட்டாளியான மக்ஃபேடியன் வழியாக அயல்நாட்டு ஊக முதலீடுகளில் முடங்கியது. வைப்பாளர் கேட்கும்போது திருப்பித் தர வேண்டிய பணத்தை, எளிதில் மீட்க முடியாத இனங்களில் போடுவது ஆபத்தானது. முதலீட்டு மேலாண்மையின் முதற்பாடம் இதுவே. நிறுவனத்தின் பழம்பெருமையை நம்பியவர்கள் அதன் கணக்கைப் பார்க்கவில்லை.

வழக்கறிஞரின் பணி

கடன் கொடுத்தோர் சார்பில் நொடிப்பு வழக்கை நடத்தியவர்களுள் முதன்மையானவர் வழக்கறிஞர் வி. கிருஷ்ணசாமி ஐயர் (1863–1911). சர் ஜார்ஜ் அர்பத்நாட்டுக்கு 18 மாதக் கடுங்காவல் தண்டனை விதிக்கப்பட்டது. ஆனால் தண்டனையால் இழந்த பணம் திரும்பாது. எனவே கிருஷ்ணசாமி ஐயர் வழக்கோடு நிற்கவில்லை. இந்தியர் நடத்தும் வங்கி ஒன்றைத் தொடங்க முனைந்தார். நகரத்தார் சமூகத்தினர் முதலீட்டில் பெரும்பங்கு கொண்டனர். இந்தியன் வங்கி 1907 மார்ச் 5 அன்று பதிவு செய்யப்பட்டு, ஆகஸ்ட் 15 அன்று செயல்படத் தொடங்கியது. சில கூட்டாளிகளின் விருப்பப்படி நடந்த அமைப்புக்கு மாறாக, இது பங்குதாரர்களைக் கொண்ட வரையறுக்கப்பட்ட நிறுமமாக அமைந்தது. சட்ட அறிவும் முதல் திரட்டும் திறனும் இதில் ஒன்றுசேர்ந்தன. புதுச்சேரியின் முன்னோடி வங்கியாக இன்று விளங்குவதும் இவ்வங்கியே.

புதுச்சேரியில் வைப்பாளர் பாதுகாப்பு

நிதி நிறுவன மோசடிகள் பின்னரும் தொடர்ந்தன. தமிழ்நாடு 1997இலும் புதுச்சேரி 2004இலும் வைப்பாளர் நலன் காக்கும் சட்டங்களை இயற்றின. பணத்தைத் திருப்பித் தராத நிறுவனத்தின் சொத்துகளையும், அதனை நடத்துவோரின் சொத்துகளையும் முடக்கி வைப்பாளருக்குப் பகிர்ந்தளிக்க இவை வழிசெய்கின்றன. சர்க்கரை ஆலை நிறுவனம் ஒன்று தொடுத்த வழக்கில், புதுச்சேரிச் சட்டம் செல்லும் என உச்ச நீதிமன்றம் 2012இல் தீர்ப்பளித்தது. வைப்பாளரின் பணம் எந்த நிறுவனத்திலிருந்து எந்தச் சொத்துக்குச் சென்றது எனத் தொடர்ந்து காண, சட்டப்பிரிவுகளை மட்டும் அறிந்திருந்தால் போதாது. இருப்புநிலைக் குறிப்பைப் படிக்கவும் தெரிய வேண்டும்.

மாணவர்களுக்கான வாய்ப்பு

2016ஆம் ஆண்டின் நொடிப்பு மற்றும் திவால் சட்டத்தொகுப்பு, பட்டயக் கணக்கர்களைப் போலவே பத்தாண்டு அனுபவமுள்ள வழக்கறிஞர்களும் உரிய பயிற்சியும் தேர்வும் முடித்து நொடிப்புத் தீர்வு வல்லுநராகப் பதிவு செய்துகொள்ள இடமளிக்கிறது. புதிய தொழில்களுக்கான முதலீட்டு ஒப்பந்தம், பங்கு வெளியீடு, நிறும இணைப்பு ஆகியவற்றிலும் வழக்கறிஞருக்குப் பணி உண்டு. சட்டக் கல்லூரியில் பயிலும் கிராமப்புற மாணவரும் கணக்கியல், முதலீட்டு மேலாண்மை, தொழில்முனைவோர் நிதி ஆகியவற்றின் அடிப்படைகளைக் கற்பது பயன்தரும். நிறுவனம் வீழ்ந்த பின் வாதாடுவதைவிட, வீழும் முன்பே எச்சரிப்பது வைப்பாளருக்குப் பெரும் உதவியாகும்.