வில்லேஜ் குக்கிங் சேனல்

புதுக்கோட்டை மாவட்டத்துச் சின்ன வீரமங்கலத்தில் 2018 ஏப்ரலில் தொடங்கப்பட்ட யூடியூப் சமையல் சேனல். 1 கோடி சந்தாதாரர்களை எட்டிய முதல் தமிழ் யூடியூப் சேனல் இதுதான். இணைய விளம்பரப் பணம் ஒரு விவசாயக் கிராமத்தின் வயற்காட்டுக்கு எப்படி வந்து சேர்ந்தது என்பதை அறிய விரும்புவோர் முதலில் பார்க்கவேண்டிய வரலாறும் இதுவே.

சுப்பிரமணியன், முருகேசன், அய்யனார், முத்துமாணிக்கம், தமிழ்ச்செல்வன் ஆகிய ஐந்து பேரன்களும் தாத்தா பெரியதம்பியும் சேர்ந்து தொடங்கியது இது. பெரியதம்பி விசேஷ வீடுகளில் சமைத்துப் பழகியவர், கைப்பக்குவம் அவருடையது.

காலமும் கைகொடுத்தது. 2016 செப்டம்பரில் ஜியோ வந்தபின் செல்போன் டேட்டா விலை சரிந்து, கிராமங்களிலும் வீடியோ பார்ப்பது அன்றாடப் பழக்கமாயிற்று. 2018 பிப்ரவரியில் கூகுள் தன் ஆட்சென்ஸ் விளம்பரச் சேவையைத் தமிழ்த் தளங்களுக்கும் திறந்தது. அதே மாதம் யூடியூப் தன் விதியை இறுக்கியது: 1,000 சந்தாதாரர்களும், ஓராண்டில் 4,000 மணி நேரப் பார்வையும் இருந்தால்தான் விளம்பர வருமானம். இந்த விதி வந்த இரண்டே மாதத்தில் தொடங்கிய சேனல் என்பதால், முதலில் பார்வையாளர்களைச் சேர்த்த பிறகே காசைப் பார்க்க முடிந்தது.

வீடியோவின் முன்னும் நடுவிலும் வரும் விளம்பரங்களை விற்பது கூகுள். பெரும்பாலும் ஒவ்வொரு பார்வையின்போதும் விளம்பர இடம் ஏலத்துக்குப் போகிறது. கிடைக்கும் தொகையில் 55 சதவீதம் வீடியோ எடுத்தவருக்கு. பார்ப்பவர் எந்த நாட்டில் இருக்கிறார் என்பதைப் பொறுத்து விலை மாறும். அமெரிக்காவில் ஒருவர் பார்த்தால் கிடைப்பது, இந்தியாவில் ஒருவர் பார்த்தால் கிடைப்பதைவிடப் பொதுவாகப் பல மடங்கு.

சேனலின் பேச்சுக் குறைவு இங்கேதான் பெரும் பலமானது. நீண்ட விளக்கம் கிடையாது. சேர்க்கும் பொருளின் பெயரை மட்டும் உரக்கச் சொல்வார்கள்: மஞ்சத்தூள், கல்லு உப்பு, நல்லெண்ணெய். மற்றதெல்லாம் அம்மி அரைக்கும் சத்தமும் விறகடுப்பின் தணலும் காற்றும்தான். ‘இன்னைக்கு ஒரு புடி’ என்ற அவர்களின் முழக்கத்துக்குப் பொருள் தெரியாதவர்களும் கடைசிவரை பார்த்தார்கள். வெளிநாட்டுக்காரருக்காகத் தமிழைக் குறைத்துக்கொள்ளாமலே அவர்கள் அந்தப் பார்வைகளைப் பெற்றார்கள் என்பதைப் பெருமையோடு பதிவு செய்யலாம். சமைத்த உணவு முதியோர் இல்லங்களுக்கும் ஆதரவற்றோருக்கும் போயிற்று.

2021 ஜனவரியில் தமிழகச் சுற்றுப்பயணம் வந்த ராகுல் காந்தி இவர்களோடு அமர்ந்து காளான் பிரியாணி சாப்பிட்டார். வெங்காயத் தயிர்ப் பச்சடியைத் தானே கலந்தார். அந்த வீடியோ சேனலை வட இந்தியச் செய்திகளுக்கும் கொண்டுபோனது. அதே ஆண்டு ஜூலையில் 1 கோடியைத் தொட்டு யூடியூபின் டைமண்ட் பட்டனைப் பெற்றார்கள். கையோடு முதலமைச்சரின் கொரோனா நிவாரண நிதிக்கு 10 லட்சம் ரூபாய் கொடுத்தார்கள். 2022-ல் லோகேஷ் கனகராஜ் இயக்கிய ‘விக்ரம்’ படத்தில் சமையற்காரர்களாகவே தோன்றினார்கள். பின்னர் சந்தாதாரர் எண்ணிக்கை 2 கோடியையும் கடந்தது.