அடைப்பினுள் அமைந்த படிவக் கருவிகள்

அலுவலகமாயினும் கல்விக்கூடமாயினும் படிவமின்றி எக்கருமமும் நடைபெறுவதில்லை. இணையத்திற்கு அப்படிவம் வந்துசேர்ந்தது 1993ஆம் ஆண்டளவிலாகும். மொசைக் உலாவி அதனைப் பரப்பியது. 1995 நவம்பரில் வெளியான எச்.ரி.எம்.எல். 2.0 நியமம் அதனை முறைப்படுத்தியது. எழுதும் பெட்டி, தெரிவுப் பட்டியல், பொத்தான் முதலியன படிவக் கருவிகள் எனப்படும். தம்மைச் சூழ்ந்த படிவத்தையே அவை உரிமையாளராகக் கொள்ளும். படிவம் அனுப்பப்படும்பொழுது அவற்றின் பெயர்களும் பெறுமானங்களும் ஒருங்கு திரட்டப்படும்.

காலப்போக்கில் வலைப்பக்கங்கள் பெருகி விரிந்தன. பலர் எழுதிய நிரல்கள் ஒரே பக்கத்தில் மோதிக்கொண்டன. இதற்குப் பரிகாரமாக 2011இல் அலெக்ஸ் ரசல் வலைக்கூறுகள் என்னும் கருத்தை முன்வைத்தார். ஒவ்வொரு கூறும் தன் உள்ளுறுப்புகளை 'ஷடோ டொம்' எனப்படும் நிழல் மரத்தினுள் அடைத்துக்கொள்ளும். வெளியார் விதிகள் அங்கே செல்லா. இம்முறை 2014இல் குரோம் உலாவியில் இடம்பெற்றது. திருத்திய வடிவம் 2016இல் குரோம், சபாரி ஆகியவற்றிலும் 2018இல் பயர்பொக்ஸிலும் வந்தது.

ஆயின், ஒரு கருவி தன் படிவத்தைத் தான் இருக்கும் மரத்தினுள்ளேயே தேடும். அதன் விளைவை ஓர் எடுத்துக்காட்டால் விளக்கலாம். தலவில புனித அன்னம்மாள் திருத்தலத்தின் ஆகஸ்ட் விழாவுக்கு வருவோரின் தங்குமிடப் பதிவுக்கு ஒரு படிவம் அமைக்கப்படுவதாகக் கொள்வோம். நாளைத் தெரிவுசெய்யும் பெட்டி மட்டும் வலைக்கூறொன்றினுள் உள்ளது. யாத்திரிகர் அனைத்தையும் நிரப்பி அனுப்புவார். பெயர் சென்றுசேரும், நாள் சேராது. பிழைச்செய்தியும் தோன்றாது. அப்பெட்டியைக் கட்டாயம் நிரப்பவேண்டும் என விதித்திருந்தாலும், வெற்றுப் பெட்டியுடன் படிவம் சென்றுவிடும். வெளியே எழுதிய பெயர்ச்சுட்டி உள்ளேயுள்ள பெட்டியைச் சுட்டமாட்டாது. ஆதலால் திரைவாசிப்பானை நம்பியுள்ள பார்வையற்றவர் அது எதற்குரிய பெட்டி என்பதை அறியார். எழுத்திடுந்தோறும் எழும் 'இன்புட்' நிகழ்வு எல்லையைக் கடக்கும். மாற்றம் முடிந்தபின் எழும் 'சேஞ்ச்' நிகழ்வு கடக்காது.

இதனை அடைப்பின் குற்றம் எனல் பொருந்தாது. உலாவியின் சொந்தக் கருவியாகிய நகர்த்திக்கும் மறைந்த உள்ளுறுப்புகள் உண்டு என்பதை டிமித்ரி கிளாஸ்கோவ் 2011இலேயே எடுத்துக்காட்டினார். எனினும் நகர்த்தியின் பெறுமானம் படிவத்தைச் சேர்கின்றது. அதன் வெளிமுகத்தைப் படிவம் தன் உறுப்பாக ஏற்றுள்ளமையே காரணம். பிறர் ஆக்கிய கூறுகளுக்கு இவ்வேற்பு நெடுங்காலம் கிட்டவில்லை. அதுவரை நிரலாளர், கூறுக்கு வெளியே மறைபெட்டியொன்றை வைத்து, பெறுமானத்தை அதிற் பிரதிசெய்து வந்தனர்.

2019இல் குரோம் 77ஆம் பதிப்பு 'எலிமென்ற் இன்ரேனல்ஸ்' என்னும் வசதியை அளித்தது. இதன்படி கூறு தன்னைப் படிவ உறுப்பாக அறிவிக்கும்; தன் பெறுமானத்தையும் செல்லுபடித்தன்மையையும் தானே தெரிவிக்கும்; படிவம் மீளமைக்கப்படும்போது அறிவிப்புப் பெறும்; வெளியேயுள்ள பெயர்ச்சுட்டியுடனும் இணையும். பயர்பொக்ஸ் 2022 மார்ச்சிலும் சபாரி 2023 மார்ச்சிலும் இதனை ஏற்றன. ஆயினும் அப்பெயரை உள்ளேயுள்ள பெட்டிவரை கொண்டுசேர்த்தல் கூறினை ஆக்குவோர் பொறுப்பேயாகும்.

இத்தீர்வில் மதில் இடிக்கப்படவில்லை என்பது நோக்கற்பாலது. உள்ளுறுப்புகள் மறைந்தே உள்ளன. அவற்றின் சார்பிற் பேசும் உரிமை கூறின் வெளிமுகத்துக்கு வழங்கப்பட்டது. அடைப்பு 2014இல் வந்தது. அவ்வுரிமை மூன்று உலாவிகளிலும் நிறைவுற 2023 ஆயிற்று. இடைப்பட்ட ஒன்பது ஆண்டுகளும், பிரித்துக் காக்கும் அமைப்பை வகுப்போர் தொடர்புக்குரிய வாயிலையும் உடன் வகுத்தல் வேண்டும் என்பதைப் புலப்படுத்துகின்றன.