தில்லை மரமும் வெள்ளாற்றுக் கணக்கும்

ஊர்ப்பெயர்கள் பல சமயம் கல்வெட்டுகளினும் பழைய ஆவணங்களாக விளங்குகின்றன. சிதம்பரத்தின் பழம்பெயராகிய தில்லை ஒரு மரத்தின் பெயர். உவர்நீர் ஏறி இறங்கும் சதுப்பில் வளரும் அம்மரத்தின் பால் கண்ணிற் பட்டால் பார்வையைக் கெடுக்கும். கோயிலைச் சூழ்ந்து தில்லைவனம் இருந்ததென மரபு கூறுகிறது. இன்று அம்மரம் காடாக நிற்பதைக் காண வேண்டுவோர் நகரை விட்டுக் கிழக்கே பிச்சாவரத்துக்குச் செல்ல வேண்டும். ஊரின் பெயர் நமக்கு ஒரு சாட்சி. ஆனால், அது ஆண்டு குறிக்காத சாட்சி. மரம் இருந்தது என்று சொல்லும். எவ்வாறு குறைந்தது என்று சொல்லாது.

நெய்தல் பாடிய சங்கப் புலவரும் இத்தகைய சாட்சிகளே. புன்னை, தாழை, ஞாழல், அலவன், நாரை என்று கரையின் உயிர்களைப் பெயர் சொல்லிப் பாடினர். அவர்கள் பெயர்களைக் காத்துத் தந்தார்கள். எண்ணிக்கையையும் காலத்தையும் குறித்து வைக்கும் வேலை, நம் பகுதியில் இருபதாம் நூற்றாண்டில் பரங்கிப்பேட்டையில் வேரூன்றியது.

போர்த்துக்கீசியர் ‘போர்ட்டோ நோவோ’ என்றழைத்த அவ்வூரை, 1781இல் ஐதர் அலியின் படையும் அயர் கூட்டின் ஆங்கிலப் படையும் மோதிய களமாக வரலாற்று நூல்கள் நினைவுகூர்கின்றன. அவ்வூருக்கு ஓசையற்ற வேறொரு வரலாறும் உண்டு. 1929இல் தோன்றிய அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் விலங்கியல் பேராசிரியர் ஆர். வி. சேஷையாவின் முயற்சியால், வெள்ளாற்றங்கரையில் கடல் உயிரியல் நிலையம் உருவாயிற்று. 1960களில் பல்கலைக்கழக மானியக் குழு அதனைக் கடல் உயிரியல் உயராய்வு மையமாக ஏற்றது.

அங்கே நடந்த வேலையின் பெரும்பகுதி எளியது, சலிப்பூட்டுவதுங்கூட. தோணியில் சென்று நீரை மொண்டு உப்பையும் வெப்பத்தையும் அளப்பது, மெல்லிய வலையை இழுத்து மிதவை உயிரிகளைச் சேர்ப்பது, சேற்றை அள்ளிச் சலித்துப் புழுவையும் சிப்பியையும் எண்ணுவது. வடகிழக்குப் பருவமழையில் ஆற்று வெள்ளம் வந்து கழிமுகத்தின் உப்பு குறையும். கோடையில் கடலளவுக்கு ஏறும். உயிரினங்களும் அதற்கேற்ப மாறும். ஓராண்டின் குறிப்பு இந்தச் சுழற்சியைக் காட்டும். பல்லாண்டுக் குறிப்பு இருந்தால்தான் சுழற்சி எது, நிலையான மாற்றம் எது என்று பிரித்தறிய இயலும்.

இவ்வகைக் குறிப்பின் அருமையை இங்கிலாந்தின் பாறைக் கரைகள் நன்கு உணர்த்தின. கடலூர் முதல் கொள்ளிடம் வரை நம் கரை மணலும் சேறுமே. அங்கோ ஓதம் வற்றும்போது பாறைகள் வெளிப்படும்; அவற்றில் ஒட்டி வாழும் கொட்டலசுகளை நின்றபடியே எண்ணலாம். ஆலன் சவுத்வர்ட், டெனிஸ் கிரிஸ்ப் ஆகியோர் 1950களில் கரை கரையாகச் சென்று அவற்றைக் கணக்கெடுத்தனர். 1962–63இல் கொடுங்குளிர் வந்து கரையுயிர்கள் மாண்டபோது, எவை அழிந்தன என்று கிரிஸ்ப் தொகுத்துரைக்க முடிந்தது. முன்பு எவை இருந்தன என்ற கணக்கு கையில் இருந்தமையே காரணம். ஆயினும் அங்கும் கணக்கு அறுபட்டதுண்டு. ஆங்கிலக் கால்வாயில் 1903இல் தொடங்கிய ஓர் அளவீடு 1980களின் பிற்பகுதியில் நின்றது. 2002இல்தான் மீண்டும் தொடங்கிற்று. இடைப்பட்ட ஆண்டுகளின் கடலை இனி எவரும் அளக்க முடியாது.

நம் கரையின் சோதனை 2004 டிசம்பர் 26 அன்று வந்தது. ஆழிப்பேரலையில் கடலூர் மாவட்டத்தில் மட்டும் அறுநூறுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். பரங்கிப்பேட்டை மையத்தின் கே. கதிரேசனும் என். இராசேந்திரனும் அப்பகுதியின் பதினெட்டுக் குப்பங்களை ஆராய்ந்து, கண்டல் காடு இழப்பைக் குறைத்தது என்று 2005இல் எழுதினர். மறு ஆண்டே வெளிநாட்டு அறிஞர் சிலர் அதே எண்களை எடுத்துக் கணக்கிட்டு, கடலிலிருந்து இருந்த தொலைவும் தரையின் உயரமுமே காத்தன என மறுத்தனர். வேறு இருவர் மீண்டும் அவ்வெண்களை ஆராய்ந்து, காட்டுக்கும் பங்குண்டு என்றனர். இவ்வழக்கு வெறும் ஏட்டு வழக்கன்று. அடுத்த அலைக்கு முன் மரம் நடுவதா, குடியிருப்பை மேட்டுக்கு மாற்றுவதா என்பது அதனைச் சார்ந்தது. பதினெட்டுக் குப்பங்களின் கணக்கை அவர்கள் மறைக்காமல் அச்சிட்டதால்தான் பிறர் அதனைச் சோதிக்க முடிந்தது. பூட்டிய பெட்டியில் கிடந்திருந்தால் அது ஒருவர் கூற்றாகவே நின்றிருக்கும்.

பிச்சாவரமும் இதே பாடத்தைச் சொல்கிறது. மரங்களை முறைவைத்து மொத்தமாக வெட்டிய இடங்களில் நிலம் தாழ்ந்து, தேங்கிய நீர் வற்றி, உப்பேறியது, கன்றுகள் பிழைக்கவில்லை. 1990களில் எம். எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனமும் வனத்துறையும் ஊராரும் சேர்ந்து வாய்க்கால் வெட்டி ஓதநீரைப் பாயவிட்டபின் காடு மீண்டது. மீண்டது என்று எவ்வாறு அறிந்தனர்? பழைய செயற்கைக்கோள் படங்களோடு புதியவற்றை ஒப்பிட்டு அறிந்தனர்.

அதன்பின் 2011இல் தானே புயல் கடலூரைத் தாக்கியது. இன்னும் பல புயல்கள் வரும். நம் கழிமுகத்தைப் பற்றிய குறிப்புகள் ஆய்வேடுகளிலும் களக்குறிப்பேடுகளிலும் பரவிக் கிடக்கின்றன. அவற்றை ஒழுங்குபடுத்தி எவரும் காணத் தருவதும், தமிழில் எடுத்துரைத்து மீனவர் குப்பங்களுக்குக் கொண்டு செல்வதும் செய்யத்தக்க பணி. வாடையையும் கொண்டலையும் வலைப்பாட்டையும் நாள்தோறும் அறிந்த மீனவரின் நினைவு அவ்வெண்களோடு சேர்ந்தால் இரண்டும் வலுப்பெறும்.

பத்தாண்டு நிறைவைக் கொண்டாடும் நம் வட்டத்துக் கவிஞர்களுக்கு ஒரு வேண்டுகோள். நெய்தலைப் பாடும்போது மரத்தின் பெயரையும் இடத்தின் பெயரையும் எழுதுங்கள்; கீழே ஆண்டையும் திங்களையும் குறியுங்கள். தில்லை மரத்தைப் பற்றி நம் முன்னோர் விட்டுச்சென்ற சாட்சியில் இல்லாதது அது ஒன்றே.