மலிவு டயருக்கு யார் விலை கொடுத்தார்கள்?

சிறிய ஸ்போர்ட்ஸ் கார் ஏழைகளின் வாகனமாக ஒருநாளும் இருந்ததில்லை. ஆனால் மாதச் சம்பளக்காரர் கைக்கு எட்டும் பொருளாக அது ஒரு கட்டத்தில் மாறியது. அதற்கு நாள்கூடக் குறிக்கலாம். 1928 அக்டோபரில் லண்டன் ஒலிம்பியா மோட்டார் கண்காட்சியில் எம்ஜி நிறுவனம் ‘எம் டைப் மிட்ஜெட்’ என்ற இரண்டு இருக்கைக் காரைக் காட்டியது. மோரிஸ் மைனர் என்ற சாதாரணக் குடும்பக் காரின் அடிச்சட்டத்தையும் எஞ்சினையும் எடுத்து, மேலே இலேசான கூட்டைப் பொருத்திச் செய்த வண்டி அது. விலை 175 பவுண்டு. 1958இல் வந்த ஆஸ்டின்-ஹீலி ஸ்பிரைட்டும் இதே வழியில் பிறந்தது. ஆஸ்டின் ஏ35 குடும்பக் காரின் எஞ்சினோடு அதன் 13 அங்குல டயரையும் ஸ்பிரைட் வாங்கிக்கொண்டது. இந்தப் பரம்பரையில் மலிவுக்கு ஒரே வழிதான் இருந்தது: ஊரெல்லாம் ஓடும் காரின் பாகங்களையே, டயரும் சக்கரமும் உட்பட, போட்டுக்கொள்வது. டயர் கடைகளில் இன்றும் நிலைமை அதுதான். மைவி போன்ற சாதாரண மலேசியக் காருக்குப் போடும் அளவிலேயே நின்றுவிட்டால் எல்லா விலையிலும் டயர் கிடைக்கும். அழகுக்காக ஸ்போர்ட் ரிம்மை இரண்டு அங்குலம் பெரிதாக்கினால், ரிம்முக்கு ஒருமுறையும் டயருக்கு ஆயுள் முழுக்கவும் பணம் போய்க்கொண்டிருக்கும். அப்படியானால் அந்தச் சாதாரண டயரை மலிவாக்கியது யார்? குட்இயர், டன்லப், மிஷலின் என்று கண்டுபிடிப்பாளர்களின் பெயர்களைச் சொல்லித்தான் புத்தகங்கள் பதில் தருகின்றன. அந்தப் பட்டியலில் தோட்டத்துக் கூலி விடுபட்டுப்போகிறது. மலேசியாவின் கோல சிலாங்கூரும் வட சிலாங்கூரும் கடந்துவந்த நூறாண்டைப் பார்த்தால், முதலில் எழுதவேண்டியது அதுதான் என்று தெரியும்.

சிலாங்கூர் ஆறு கடலில் சேரும் இடம் கோல சிலாங்கூர். அங்கிருந்து ஜெராம், புக்கிட் ரோத்தான், ஈஜோக், இன்று பெஸ்தாரி ஜெயா என்று பெயர் மாறியிருக்கும் பத்தாங் பெர்ஜுந்தை, அப்பால் உலு சிலாங்கூரின் செரண்டா என்று உள்நாட்டுப் பக்கம் போகும் வழியெல்லாம் ஒரு காலத்தில் பால்மரத் தோட்டங்கள். அதற்கு முன்பு சிலாங்கூர் துரைமார் நம்பியிருந்தது காப்பியை. பிரேசில் அளவுக்கு மீறி விளைவித்ததால் 1890களின் பிற்பாதியில் காப்பி விலை விழுந்தது. அதே பிரேசிலிலிருந்து 1876இல் ஹென்றி விக்கம் கொண்டுபோன விதைகளின் வழித்தோன்றல்கள்தான் அந்த இடத்தை நிரப்பின. சிங்கப்பூர்த் தாவரத் தோட்டத்தின் இயக்குநர் ஹென்றி ரிட்லி, மரத்தைச் சாகடிக்காமல் பட்டையை மட்டும் மெல்லியதாகச் சீவிப் பால் எடுக்கும் முறையைக் கண்டறிந்து, நடுங்கள் நடுங்கள் என்று துரைமாரை நச்சரித்துக்கொண்டிருந்தார். காஜாங்கில் கிண்டர்ஸ்லி சகோதரர்கள் 1895 வாக்கில் நட்டார்கள். 1905இல் பிரான்சிலிருந்து வந்த ஹென்றி ஃபோகோனியே, மலாயும் தமிழும் கற்றுக்கொண்டு, கோல சிலாங்கூர் வட்டாரத்து ரந்தாவ் பாஞ்சாங்கில் காடு வெட்டித் தோட்டம் போட்டார். பெல்ஜிய முதலாளி ஆட்ரியன் ஹாலேயின் பணம் அவருக்குப் பின்னால் நின்றது. இவரே பிற்பாடு தமிழ்த் தொழிலாளரும் வந்துபோகும் ‘மலேசி’ நாவலை எழுதி 1930இல் கோன்கூர் பரிசு பெற்றவர். 1910 ஏப்ரலில் லண்டனில் ஒரு பவுண்டு ரப்பர் 12 ஷில்லிங்கையும் தாண்டியது. அந்த விலை நிலைத்திருந்தால் கார், டாக்டர்களும் பிரபுக்களும் மட்டும் வைத்திருக்கும் பொருளாகவே இருந்திருக்கும்.

விலை நிலைக்கவில்லை. அது எப்படி இறங்கியது என்பதில்தான் விஷயம் இருக்கிறது. முதல் உலகப் போருக்குப் பின் மரங்கள் பெருகி, ரப்பர் தேங்கி, 1921இல் விலை ஒரு ஷில்லிங்குக்கும் கீழே போனது. பிரிட்டன் 1922 நவம்பரில் ஸ்டீவன்சன் திட்டத்தைக் கொண்டுவந்து மலாயா, இலங்கை ஏற்றுமதிக்குக் கட்டுப்பாடு விதித்தது. 1925இல் விலை மறுபடி நான்கு ஷில்லிங்குக்கு மேல் ஏறியபோது அமெரிக்காவில் பெரும் கூச்சல். அப்போது வணிகத் துறைச் செயலாளராக இருந்த ஹெர்பர்ட் ஹூவர், டயரைச் சிக்கனமாகப் பயன்படுத்தும்படி கார்க்காரர்களைக் கேட்டுக்கொள்ளும் இயக்கத்தையே நடத்தினார். டயர் விலையில் கச்சா ரப்பருக்குப் பெரிய பங்கில்லை என்பவர்கள் இந்தக் கூச்சலுக்கு விளக்கம் சொல்லியாகவேண்டும். ஃபயர்ஸ்டோன் லைபீரியாவிலும் ஃபோர்டு அமேசான் காட்டிலும் சொந்தத் தோட்டம் போடப் புறப்பட்டதும் இந்த நெருக்கடியால்தான். 1928 நவம்பர் 1இல், எம் டைப் மிட்ஜெட் கண்காட்சிக்கு வந்த சில வாரங்களில், ஸ்டீவன்சன் திட்டம் முடிவுக்கு வந்தது. 1927இல் சராசரியாக ஒரு பவுண்டுக்கு 38 அமெரிக்க சென்ட் அளவில் இருந்த ரப்பர், 1932இல் 4 சென்ட்டுக்கும் கீழே கிடந்தது. கார் வடிவமைத்தவர்கள் ரப்பர் சந்தையைப் பார்த்து வடிவமைத்தார்கள் என்று சொல்ல வரவில்லை. அவர்கள் செய்த காரைச் சம்பளக்காரர் ஓட்டிக் கட்டுப்படியான ஆண்டுகள், ரப்பர் தரைமட்டத்துக்கு வந்த ஆண்டுகள். அவ்வளவுதான்.

அந்த ஆண்டுகளைத் தோட்டத்தின் பக்கமிருந்து பார்க்கலாம். விடியுமுன் பெரட்டு என்ற ஆள்கணக்கெடுப்பில் பேர் கொடுத்து, வெயில் ஏறிப் பால் வற்றுமுன் தன் நிரையிலுள்ள 300, 400 மரங்களையும் சீவி முடித்து, மங்கில் வடிந்த பாலைச் சேர்த்து, ஒட்டுப்பாலையும் சுரண்டி எடுத்து ஆலைக்குக் கொண்டுபோய் நிறுத்துக் கொடுப்பது ஒரு நாள் வேலை. மழை பெய்தால் மரம் சீவ முடியாது. 1920களின் இறுதியில் சிலாங்கூர் போன்ற முக்கிய வட்டாரங்களுக்கு அரசு வகுத்த நிர்ணயக் கூலி ஆணுக்கு நாளுக்கு 50 காசு, பெண்ணுக்கு 40 காசு. மரத்துக்குச் சீவுபவர் ஆணா பெண்ணா என்ற பேதம் தெரியாது. சம்பளப் பட்டியலுக்குத் தெரிந்திருந்தது. மந்தநிலை வந்ததும் 1930இல் அது 40க்கும் 32க்கும் இறக்கப்பட்டது. அடுத்து வந்த ஆண்டுகளில் பல தோட்டங்கள் அதையும் கொடுக்கவில்லை. வேலையே இல்லாதவர்களைக் கப்பலேற்றி ஊருக்கு அனுப்பினார்கள். 1930 முதல் 1932 வரை அப்படி இந்தியாவுக்குத் திருப்பி அனுப்பப்பட்டவர்கள் ஒன்றரை லட்சத்துக்கும் மேல். விலை ஏறியபோது பங்குதாரருக்கு லாப ஈவு, இறங்கியபோது தொழிலாளிக்கு நாகப்பட்டினம் கப்பல். சந்தையின் ஆபத்தை யார் சுமந்தார்கள் என்பதற்கு இதைவிட நேரான சான்று வேண்டியதில்லை.

இதற்கு வலுவான மறுப்புகள் உண்டு. முதலாவது, தொழில்நுட்பம். கரிப்பொடி கலந்ததால் டயரின் தேய்மானம் பெருமளவு குறைந்தது. நெய்த துணிக்குப் பதில் நூல்கயிற்று அடுக்கு வந்ததால் சூடும் வெடிப்பும் குறைந்தன. சில ஆயிரம் மைல்களில் செத்துப்போன டயர், பல மடங்கு தூரம் ஓடத் தொடங்கியது. 1946இல் மிஷலின் உரிமம் பெற்ற ரேடியல் டயர் அந்த ஆயுளை இன்னும் நீட்டியது. இவை மறுக்கமுடியாத உண்மைகள். ஆயினும் ஒரு பொருள் நீண்ட நாள் உழைப்பது வேறு, அதை வாங்கும் நாளில் கொடுக்கும் காசு வேறு. தொழில்நுட்பம் முதலாவதைக் கவனித்துக்கொண்டது. 1925இலும் 1932இலும் டயர் செய்யும் நுட்பத்தில் மலைக்கும் மடுவுக்குமான வித்தியாசம் கிடையாது. ரப்பர் விலையில் இருந்தது. தவிர, ரேடியல் டயரின் பக்கச்சுவர் இடையறாது வளைந்து நிமிர்வது. சூடேறாமல் அதைத் தாங்க இயற்கை ரப்பரே ஏற்றது என்பதால், அந்தப் புதுமை பால்மரத்தை ஒழிப்பதற்குப் பதில் காப்பாற்றிவிட்டது.

இரண்டாவது மறுப்பு, செயற்கை ரப்பர். 1942இல் ஜப்பான் மலாயாவைப் பிடித்ததும் அமெரிக்கா தன் ரப்பர் வரவில் பெரும்பகுதியை இழந்தது; மூன்றே ஆண்டுகளில் பெட்ரோலியத்திலிருந்தும் சாராயத்திலிருந்தும் ரப்பர் செய்யும் பெருந்தொழிலை எழுப்பியது. இன்று ஒரு பயணிகள் காரின் டயரில் செயற்கை ரப்பரே இயற்கை ரப்பரைவிடச் சற்று அதிகம். அப்படியானால் தோட்டத்துக்கு என்ன பங்கு? பங்கு குறைந்ததால் தோட்டத்தின் மீதான அழுத்தம் குறையவில்லை, கூடியது. எண்ணெய் நிறுவனம் ரசாயன ரப்பரை என்ன விலைக்குக் கொடுக்கிறதோ, அதற்கு மேல் பால்மரத்தின் விலை நெடுநாள் நிற்க முடியாமல் போயிற்று. அந்தப் போட்டியைச் சமாளிக்கச் சுங்கை பூலோவில் ரப்பர் ஆராய்ச்சிக் கழகத்தின் சோதனைத் தோட்டம் ஒட்டுக்கட்டிய புதுரகங்களை வெளியிட்டது. பழைய விதைமரங்களைவிட அவை பல மடங்கு பால் கொடுத்தன. பெருமைக்குரிய அறிவியல்தான். அந்த விளைச்சலில் தொழிலாளிக்கு எவ்வளவு வந்தது என்பதைத் தொழிற்சங்கப் பேச்சுவார்த்தைகள் ஒவ்வொரு முறையும் தனியாகப் போராடித்தான் தீர்மானிக்கவேண்டியிருந்தது. சுதந்திரத்துக்குப் பிறகும் மரம் சீவுவோர் கூலி ரப்பர் விலையோடு கட்டப்பட்டே இருந்தது.

மூன்றாவது மறுப்பைத் துரைமார் அன்றே சொன்னார்கள்: தமிழர்கள் தாமாகத்தானே வந்தார்கள், ஊரில் கிடைத்ததைவிட இங்கே கூடுதலாகத்தானே கிடைத்தது? தஞ்சாவூர், திருச்சி, சேலம் மாவட்டங்களின் பஞ்சத்தையும் சாதிக்கொடுமையையும் நினைத்தால் இதில் பாதி உண்மை உண்டு. ஆனால் கங்காணி ஆள் பிடித்து வர, முதலாளிகள் செலுத்திய வரியால் ஆன நிதி கப்பல் கட்டணத்தைக் கொடுத்தது. எங்கும் கூலி ஏறாதபடி ஆள்வரத்தைத் தாராளமாக வைத்திருப்பதே அந்த நிதியின் பயன். 1938 ஜூனில் உதவிபெற்ற குடியேற்றத்தை இந்திய அரசு தடை செய்தது. குழாய் மூடப்பட்டதும் தோட்டத்தில் பேரம் பேச வழி பிறந்தது. 1941 மார்ச் முதல் மே வரை, ஆர்.எச். நாதன் முன்னின்ற கிள்ளான் வட்டார இந்தியர் சங்கத்தின் வேலைநிறுத்தங்கள் சிலாங்கூர் முழுவதும் பரவின. சீனத் தொழிலாளருக்கு நிகரான கூலி கேட்டார்கள், கள்ளுக்கடையை மூடச் சொன்னார்கள். துரையோ கிராணியோ எதிரே வந்தால் சைக்கிளைவிட்டு இறங்கி நிற்கவேண்டும் என்ற வழக்கத்தை ஒழிக்கவேண்டும் என்பதும் கோரிக்கைகளில் ஒன்று. உலகத்துக்கெல்லாம் காற்று டயருக்கு ரப்பர் எடுத்துக் கொடுத்தவர்கள், அந்த டயர் மேல் உட்கார்ந்து போக உரிமை கேட்கவேண்டியிருந்தது. நாதன் கைதானார், ராணுவம் இறக்கப்பட்டது, தொழிலாளர்கள் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். விருப்பத்தோடு ஏற்ற கூலியைக் காக்கத் துப்பாக்கி எதற்கு?

பால்மரம் இப்போது இந்த வட்டாரத்தில் அரிதாகிவிட்டது. ஃபோகோனியே 1917இல் பத்தாங் பெர்ஜுந்தை அருகே தென்னமரம் தோட்டத்தில் நட்ட செம்பனை, நாட்டின் முதல் வணிகச் செம்பனைத் தோட்டம், ரப்பரை மெல்ல மெல்ல வெளியேற்றியது. லயங்களில் பிறந்தவர்களின் பிள்ளைகளில் பலர் தொழிற்பேட்டைகளுக்குப் போனார்கள். முன்பு கஞ்சில் காரையும் இன்று மைவி காரையும் செய்யும் பெரோடுவா தொழிற்சாலை செரண்டாவை அடுத்த சுங்கை சோவில்தான் இருக்கிறது. முன்பு சுங்கை ரெங்கம் தோட்டமாக இருந்த ஷா ஆலாமில் 1972 முதல் டயர் செய்துவந்த குட்இயர் ஆலை 2024 ஜூன் 30ஆம் தேதி மூடப்பட்டது. சுமார் 550 பேர் வேலையிழந்தார்கள். மலேசியா இன்று தன் கையுறை ஆலைகளுக்கே ரப்பரை இறக்குமதி செய்கிறது. உலகின் பெரிய ரப்பர் நாடு தாய்லாந்து. அதன் தென்மாவட்டங்களில் மரம் சீவுபவருக்கு நாள்கூலி கிடையாது; விற்ற பாலின் விலையில் பெரும்பாலும் நூற்றுக்கு 40 பங்கு அவருக்கு, 60 நிலக்காரருக்கு. விலை இறங்கும் நாளில் அவர் வருமானமும் இறங்குகிறது.