வாகனத் திறப்பு: இரும்பிலிருந்து அட்டைக்கும் கைத்தொலைபேசிக்கும்

வாகனத்தின் கதவைத் திறப்பதற்கும் இயந்திரத்தை இயக்குவதற்கும் உலோகத் திறப்பை விட்டு மின்னணு அடையாளத்தைப் பயன்படுத்தும் முறை டிஜிட்டல் திறப்பு எனப்படுகிறது. அந்த அடையாளம் சட்டைப்பையில் கிடக்கும் ‘ஸ்மார்ட்’ திறப்பில் இருக்கலாம், வங்கி அட்டை அளவேயான அட்டையில் இருக்கலாம், கைத்தொலைபேசிக்குள்ளும் இருக்கலாம். இலங்கையின் வடக்கே கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா மாவட்டங்கள் அடங்கிய வன்னிப் பெருநிலத்துக்கு இம்மாற்றம் பிந்தியே வந்தது. இங்கே வாகனத்தை ஓட வைப்பதில் திறப்பு ஒருபோதும் பெரும் சிக்கலாக இருந்ததில்லை. எரிபொருள் கிடைப்பதும், பற்றரி கிடைப்பதும், போக அனுமதி கிடைப்பதுமே சிக்கல். புதிய திறப்போ பற்றரியையும் அனுமதியையும் தனக்குள்ளேயே கொண்டுவருகிறது. ஆகவே வன்னி வாசகருக்கு இது வெறும் வசதி பற்றிய செய்தி அல்ல.

வகைப்பாடு

வாகனத் திறப்புகளை, இரகசியம் எங்கே ஒளிந்திருக்கிறது என்பதைக் கொண்டு ஐந்தாகப் பிரிக்கலாம்.

முதலாவது வெறும் உலோகத் திறப்பு. அதன் பல்வெட்டுகளே இரகசியம். இரண்டாவது, தலைப்பகுதியில் சிறு சில்லு பதித்த திறப்பு. பல்வெட்டு பொருந்தினாலும் சில்லின் எண்ணை வாகனம் ஏற்காவிட்டால் இயந்திரம் இயங்காது. மூன்றாவது, பொத்தானை அமுக்கித் தூரத்திலிருந்து கதவைத் திறக்கும் ரிமோட். நான்காவது, பையிலிருந்து எடுக்கவே தேவையில்லாத ஸ்மார்ட் திறப்பு. வைத்திருப்பவர் கிட்ட வந்ததும் கதவு திறக்கும், பொத்தானை அமுக்கினால் இயந்திரம் இயங்கும். ஐந்தாவது, அட்டையும் கைத்தொலைபேசியும். இவற்றுக்கு வாகனத்துக்கென்றே தனி உருவம் கிடையாது. வேறு வேலைக்காக மனிதர் ஏற்கெனவே கையில் வைத்திருக்கும் பொருளின் வடிவையே இவை எடுத்துக்கொள்கின்றன.

இவற்றோடு திறப்பே வேண்டாத வாகனங்களையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். வன்னி வயல்களில் ‘லான்ட்மாஸ்டர்’ என்று அறியப்படும் இருசக்கர உழவு இயந்திரம் அவ்வகையைச் சேர்ந்தது. கைபிடியை மாட்டிச் சுழற்றினால் அதன் டீசல் இயந்திரம் ஓடத் தொடங்கும். அதை இயக்கத் தேவைப்படுவது தோள் பலம் மட்டுமே.

தொடக்க வரலாறு

முதற் கார்களும் லான்ட்மாஸ்டரைப் போலவே கைச்சுழற்றியால் இயங்கின. சுழற்றி பின்னுதைத்துக் கை முறிந்தவர் பலர். சார்ள்ஸ் கெட்டரிங் உருவாக்கிய மின் தொடக்கி 1912ஆம் ஆண்டுக்கான கடிலாக் கார்களில் வந்தபோதுதான் இந்த ஆபத்து நீங்கத் தொடங்கியது. அக்காலத் திறப்பு இயந்திரத்தை இயக்கவில்லை. மின்சுற்றை இணைத்தும் துண்டித்தும் வைத்தது, அவ்வளவே. ஃபோர்ட் ‘மொடல் டி’ கார்களுக்கு எண்ணிவிடக்கூடிய சில வகைத் திறப்புகளே இருந்தன. ஒருவரின் திறப்பு ஊரில் இன்னொருவரின் காருக்கும் பொருந்துவது வியப்பான நிகழ்வு அல்ல.

திறப்பைத் திருப்பினாலே இயந்திரம் இயங்கும் முறையை கிறைஸ்லர் நிறுவனம் 1949இல் அறிமுகப்படுத்தியது. அதற்கு முன்பும், அதற்குப் பின்னர் பல ஆண்டுகள் வரையும், திறப்பைப் போட்டபின் தனியாக ஒரு பொத்தானை அமுக்கவோ இழுகுமிழை இழுக்கவோ வேண்டியிருந்தது. வடபகுதி வீதிகளில் வாடகைக் கார்களாக நெடுங்காலம் உழைத்த ஒஸ்ரின் ஏ-40, ஆசிரியர்களும் அரச ஊழியர்களும் விரும்பி வைத்திருந்த மொறிஸ் மைனர் ஆகியவற்றின் பழைய வகைகள் அப்படித்தான் இயங்கின. இன்றைய புதிய கார்களில் காணும் ‘ஸ்டார்ட்’ பொத்தானுக்கு இப்படி ஒரு மூத்த தலைமுறை உண்டு.

உழவு இயந்திரங்களில் நிலைமை இன்னும் எளிமையானது. இரணைமடுக் குளத்தின் கீழுள்ள வயல்களில் தலைமுறையாக உழுதுவரும் மசி பேர்குசன் 35, 135 வகைகளில், கியர்த் தண்டொன்றை ‘எஸ்’ என்று குறித்த நிலைக்குத் தள்ளித்தான் இயந்திரத்தை இயக்க வேண்டும். அவற்றின் திறப்புகள் பெரும்பாலும் ஒரே வார்ப்பு. ஒருவரின் திறப்பால் அயலவரின் இயந்திரத்தையும் இயக்கலாம். விதைப்புக் காலத்தில் இயந்திரம் கைமாறி உழும் கமக்காரச் சமூகத்தில் இது குறையாகத் தோன்றவில்லை.

திருட்டுத்தான் திறப்பை மின்னணுவாக்கியது. 1980இல் ஃபோர்ட் நிறுவனம் கதவில் எண்பலகை வைத்தது. 1982இல் பிரான்சின் ரெனோ ஃபுவேகோவில் ரிமோட் கதவுப்பூட்டு வந்தது. 1986ஆம் ஆண்டின் செவர்லே கோர்வெட்டில், திறப்பின் தண்டில் மின்தடையம் ஒன்றைப் பதித்தார்கள். 15 அளவுகளில் சரியானது எதுவோ அதைக் கார் அளந்து பார்த்த பிறகே இயந்திரம் இயங்கியது. அடுத்த பத்தாண்டுக்குள் மின்தடையத்தின் இடத்தைச் சில்லு பிடித்தது. 1998 ஒக்டோபர் முதல் ஐரோப்பிய ஒன்றியத்தில் புதிய கார்கள் அனைத்துக்கும், சரியான திறப்பின்றி இயந்திரத்தை இயங்கவிடாத இயக்கத் தடுப்பான் கட்டாயமானது.

மெர்சிடிஸ் நிறுவனம் 1999இல் தன் விலையுயர்ந்த எஸ் வகுப்புக் கார்களில் ‘கீலெஸ்-கோ’ முறையை அளித்தது. எனினும் அட்டைத் திறப்பைச் சாதாரணக் குடும்பத்தின் காருக்குக் கொண்டுவந்த பெருமை 2001இல் சந்தைக்கு வந்த ரெனோ லகுனாவையே சேரும். கைத்தொலைபேசியையும் அட்டையையும் முதன்மைத் திறப்புகளாக்கி, வழமையான திறப்பைத் தராமலே காரை விற்றது 2017இல் வெளிவந்த டெஸ்லா மொடல் 3. அப்பிள் நிறுவனம் 2020இல் பி.எம்.டபிள்யூ கார்களுடன் ஐபோன் திறப்பை அறிவித்தது. பல நிறுவனங்கள் கூடி இயங்கும் கார் கனெக்டிவிட்டி கன்சோர்ட்டியம், எல்லாக் கைத்தொலைபேசிகளுக்கும் பொதுவான விதிமுறையின் மூன்றாம் பதிப்பை 2021இல் வெளியிட்டது.

வன்னிப் பெருநிலத்தில்

ஐரோப்பாவில் சில்லுத் திறப்பு வளர்ந்த அதே ஆண்டுகளில் வன்னி வேறொரு பாடத்தைப் படித்துக்கொண்டிருந்தது. 1990இல் உள்நாட்டுப் போர் மீண்டும் மூண்டபின் வடக்கின் மீது விழுந்த பொருளாதாரத் தடை பெற்றோல், டீசலோடு நிற்கவில்லை. சாதாரண டோர்ச் பற்றரியும் தடைசெய்யப்பட்ட பொருள்களில் ஒன்றாக இருந்தது. மக்கள் மண்ணெண்ணெயில் மோட்டார் சைக்கிள்களையும் கார்களையும் ஓட்டினார்கள். குளிர்ந்திருக்கும் இயந்திரம் மண்ணெண்ணெயில் எளிதில் பற்றாது. ஆகையால் சின்னப் போத்தலில் காத்துவைத்த சில துளி பெற்றோலைக் காபரேற்றருக்குள் விட்டு, கிக்கரை உதைத்து, இயந்திரம் சூடேறியபின் மண்ணெண்ணெய்க்கு மாற்றினார்கள். அந்தச் சில துளிதான் அன்றைய உண்மையான திறப்பு.

இது சாத்தியமானதற்குக் காரணம் அந்த வாகனங்களுக்குள் கணினி இல்லாததே. ஜப்பான் அஞ்சல் துறைக்கென ஹொண்டா செய்த எம்.டி.-90 மோட்டார் சைக்கிள் வன்னியின் கிரவல் வீதிகளில் நெடுங்காலம் ஓடியது. அதன் திறப்பு தொலைந்தால் இரண்டு வயர்களைத் தொடுத்து ஓட்டலாம். பற்றரி செத்தால் உதைத்து இயக்கலாம். உதிரிப்பாகம் இல்லையென்றால் கராஜில் ஒன்றைச் செய்து பூட்டலாம். இயக்கத் தடுப்பான் பூட்டிய வாகனம் ஒன்றும் அந்த ஆண்டுகளைத் தாண்டியிருக்காது. நாணய அளவுப் பற்றரியில் ஓடும் ஸ்மார்ட் திறப்புக்கு அந்தப் பற்றரியே தடைப் பொருளாகியிருக்கும். வன்னியின் மெக்கானிக்குகள் அந்தப் பத்தாண்டில் காட்டிய கைத்திறன் வாகனத் தொழினுட்ப வரலாற்றில் தனி அத்தியாயம் பெறத் தகுந்தது.

2002 பெப்ரவரிப் போர்நிறுத்தம் ஏ-9 வீதியைத் திறந்தது. தெற்கிலிருந்து ரீகண்டிஷன் வாகனங்கள் ஓமந்தைச் சோதனைச்சாவடியைக் கடந்து வந்தன. 2006 ஓகஸ்டில் முகமாலைச் சோதனைச்சாவடி மூடப்பட்டது. போர் 2009 மே மாதத்தில் முள்ளிவாய்க்காலில் முடிந்தபோது, மக்கள் தம்மோடு இழுத்துவந்த உழவு இயந்திரங்களும் மோட்டார் சைக்கிள்களும் வான்களும் கரையோரத்தில் எரிந்தும் நொறுங்கியும் கிடந்தன. ஒரு தலைமுறையின் வாகனச் சொத்து அங்கேயே அழிந்தது.

அதற்குப் பிந்திய பத்தாண்டில் வாங்கப்பட்டவை பெரும்பாலும் தவணைக் கொள்வனவுகள். லீசிங் நிறுவனங்கள் ஏ-9 வீதி நெடுகக் கிளை திறந்தன. இந்திய மோட்டார் சைக்கிள்களும் ஓட்டோக்களும் சாதாரண உலோகத் திறப்போடு வந்தன. ஸ்மார்ட் திறப்பைப் பலருக்கும் பழக்கியவை ஜப்பானிய ஹைபிரிட்களான டொயோட்டா அக்குவா, பிரியஸ், ஹொண்டா ஃபிட், சுசுகி வகன்-ஆர் போன்றவை.

வாகனத்துக்கும் கைத்தொலைபேசிக்கும் இடையிலான பிணைப்பை எல்லோருக்கும் கற்பித்தது ஓர் எரிபொருள் நெருக்கடி. 2022 ஜூலையில் அரசு தேசிய எரிபொருள் அனுமதிப் பத்திரத்தை அறிமுகம் செய்தது. வாகனப் பதிவெண்ணுக்கும் சேஸி எண்ணுக்கும் ஒரு கியூ.ஆர் குறியீடு கிடைத்தது. தொடக்கத்தில் மோட்டார் சைக்கிளுக்கு வாரம் 4 லீற்றர், ஓட்டோவுக்கு 5 லீற்றர், காருக்கு 20 லீற்றர். சிலர் குறியீட்டைக் கைத்தொலைபேசியில் காட்டினார்கள். வேறு சிலர் அச்சிட்டு லேமினேட் செய்து அட்டையாக வைத்திருந்தார்கள். பரந்தனிலும் மாங்குளத்திலும் புதுக்குடியிருப்பிலும் வாகனம் ஓடுமா என்பதை அந்த அட்டையும் கைத்தொலைபேசியுமே தீர்மானித்தன. 2023 செப்டெம்பரில் இம்முறை நிறுத்தப்பட்டது.

செயற்படும் விதம்

சில்லுத் திறப்புக்குப் பற்றரி தேவையில்லை. திறப்புத் துவாரத்தைச் சுற்றியுள்ள கம்பிச்சுருள் 125 கிலோஹேர்ட்ஸ் அளவில் ஒரு காந்தப்புலத்தை உண்டாக்குகிறது. அதிலிருந்தே சில்லு மின்சக்தியைப் பெற்றுப் பதிலளிக்கிறது.

ஸ்மார்ட் திறப்பு வேறுவிதம். கார் சிறு தூரத்துக்குள் ஒரு கேள்வியை அனுப்பும். திறப்பு தன் பற்றரியின் பலத்தில் விடையை அனுப்பும். ஜப்பானியக் கார்களில் இந்த விடை 315 மெகாஹேர்ட்ஸை அண்டிய அலைவரிசையில் செல்கிறது. பற்றரி தீர்ந்தாலும் வழி உண்டு. திறப்பின் உறைக்குள் ஓர் உலோகத் தண்டு ஒளிந்திருக்கிறது. அதனால் கதவைத் திறந்து, திறப்பின் உடலை ‘ஸ்டார்ட்’ பொத்தானோடு தொட்டு அமுக்கினால் டொயோட்டாவின் இயந்திரம் இயங்கிவிடும். அக்குவாவும் பிரியஸும் வைத்திருப்போர் இதை வீட்டிலேயே ஒருமுறை செய்து பழகிக்கொள்வது நல்லது.

அட்டைத் திறப்பில் என்.எஃப்.சி எனப்படும் 13.56 மெகாஹேர்ட்ஸ் தொழினுட்பம் உள்ளது. சில சென்ரிமீற்றர் தூரத்துக்குள்தான் பேசும். பற்றரியும் வேண்டாம், கைத்தொலைபேசிச் சமிக்ஞையும் வேண்டாம். பி.வை.டி அட்டோ-3 காரில் ஓட்டுநர் பக்கக் கண்ணாடியில் அட்டையை வைத்தால் கதவு திறக்கிறது.

கைத்தொலைபேசித் திறப்பு என்.எஃப்.சியாலோ புளூடூத்தாலோ மீஅகலப்பட்டை (UWB) வானொலியாலோ இயங்கும். கடைசியாகச் சொன்னது, அலை போய்வர எடுக்கும் நேரத்தை அளந்து தூரத்தைக் கணக்கிடுகிறது. கதவருகே இணையம் தேவையில்லை. ஆனால் திறப்பை முதலில் பதிவிறக்கவும் பிறரோடு பகிரவும் இணையம் வேண்டும். சார்ஜ் தீர்ந்து அணைந்த ஐபோன், சேமிப்பு மின்சக்தியில் அதிகபட்சம் 5 மணித்தியாலம் வரை திறப்பாக உதவும் என்று அப்பிள் கூறுகிறது. 2022 மார்ச் இறுதியில் இலங்கையின் நாளாந்த மின்வெட்டு 13 மணித்தியாலத்தைத் தொட்டது. இரு எண்களையும் அருகருகே வைத்துப் பார்த்தால், வன்னிக்கு எது ஏற்றது என்பது விளங்கும்: கைத்தொலைபேசி துணைத் திறப்பாகவும் அட்டை முதன்மைத் திறப்பாகவும் இருப்பதே சரி.

பாதுகாப்பு

2011இல் சூரிச் தொழினுட்பப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் எட்டு நிறுவனங்களின் பத்துக் கார் வகைகளைச் சோதித்தார்கள். வீட்டுக்குள் கிடக்கும் ஸ்மார்ட் திறப்பின் சமிக்ஞையை இடையில் பிடித்துக் காருக்குக் கடத்தி, திறப்பு பக்கத்தில் இருப்பதாகக் காரை நம்பவைத்தார்கள். பத்தும் திறந்தன, பத்தும் இயங்கின. வன்னியிலிருந்தும் யாழ்ப்பாணத்திலிருந்தும் புலம்பெயர்ந்தோர் பெருமளவில் வாழும் ரொறன்ரோப் பெரும்பாகத்தில் கார்த்திருட்டு மலிந்த நிலையில், கனடா அரசு 2024 பெப்ரவரி 8 அன்று ஒட்டாவாவில் இதற்கென்றே தேசிய மாநாட்டைக் கூட்டியது. சமிக்ஞையை மறைக்கும் உலோக இழைப் பைகளில் திறப்பை இட்டு வைப்பது அங்கே பரவிய பழக்கம். மிகக் கிட்ட வைத்தால் மட்டும் பேசும் அட்டை, இத்தகைய கடத்தலுக்கு எளிதில் இடம்கொடுப்பதில்லை.

திருடனைத் தவிர்த்தும் ஒரு கேள்வி இருக்கிறது. டிஜிட்டல் திறப்பை உரிமையாளரின் கணக்கிலிருந்து பிறருக்கு அனுப்பலாம், தூரத்தில் இருந்தபடியே இரத்தும் செய்யலாம். தவணை தவறிய வாகனத்தை இழுத்துச் செல்ல ஆள் அனுப்பும் லீசிங் நடைமுறையை நன்கறிந்த வன்னிக் குடும்பங்களுக்கு, கணக்கு எவர் பெயரில் உள்ளது, இரத்துச் செய்யும் அதிகாரம் எவரிடம் உள்ளது என்பவை கொள்வனவு ஒப்பந்தத்திலேயே தெளிவாக எழுதப்பட வேண்டியவை. சாமானியரின் உழைப்புக் கருவியைத் திரையில் ஒரு தட்டலால் முடக்கும் ஏற்பாட்டை, சட்டப் பாதுகாப்பு இல்லாமல் ஏற்கக் கூடாது.

இன்றைய நிலை

2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட தனியார் வாகன இறக்குமதி 2025 பெப்ரவரியில் மீண்டும் தொடங்கியது. பி.வை.டி மின்கார்களோடு அட்டைத் திறப்பும் நாட்டுக்குள் வந்துள்ளது. அயலிலும் இம்மாற்றம் தெரிகிறது: தமிழ்நாட்டில் கிருஷ்ணகிரி மாவட்டத்தில் தயாராகும் ஓலா மின்ஸ்கூட்டரின் முதல் வகைகள் 2021இல் உலோகத் திறப்பே இல்லாமல் வந்தன. ஹூண்டாய் நிறுவனம் 2025இல் வெளியிட்ட கிரெட்டா மின்காரில் கைத்தொலைபேசித் திறப்பு உண்டு. வன்னியில் மோட்டார் சைக்கிளும் ஓட்டோவும் உழவு இயந்திரமும் இன்னமும் உலோகத் திறப்பிலேயே ஓடுகின்றன.